சுவரா, மதிலா, வலையா? ஓர் ஆய்வுக்கூடமும் ஒரு கலைச்சொல்லும்
(நிபோங் திபாலில் ஆற்றிய உரை)



மொழியியல் படித்தவன் பாக்டீரியாவைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். என்னை இங்கே இழுத்து வந்தது ஒரு மாணவியின் கேள்வி. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நுண்ணுயிர்ப் பாடத்தின்போது, பாக்டீரியாவைச் சுற்றிச் சுவர் உண்டு என்று அவர் சொன்னாராம். உடனே ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், சுத்தி சுவர் இருந்தா அது எப்படி வளரும்?” என்று கேட்டாளாம். பாடநூலில் விடை இல்லை. ‘சுவர்’ என்ற சொல்லை மாற்ற வேண்டுமா என்று கேட்கத்தான் ஆசிரியை என்னை அழைத்தார்.

சொல்லைப் பற்றி நான் அப்போதே ஏதேனும் சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சிறுமி சொல்லைப் பற்றிக் கேட்கவில்லை. பொருளைப் பற்றிக் கேட்டாள். ஆதலின் முதலில் பொருளைப் படித்தேன். படித்தபோது, அதே கேள்வியை ஐதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தினர் பல ஆண்டுகளாகத் தொடுத்து வந்திருப்பதை அறிந்தேன். உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையம் என்னும் அந்நிறுவனத்தில் மஞ்சுளா ரெட்டி அவர்களின் குழு அது. இப்பணிக்காக 2019ஆம் ஆண்டு உயிரியல் துறைக்கான இன்போசிஸ் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

முதலில் அந்தச் சுவர் எத்தகையது என்று பார்ப்போம். நம் ஊர்ப் பெயரே இதற்கு உதவுகிறது. நிபோங் என்பது ஒரு வகைப் பனை. திபால் என்றால் தடித்தது. கடலோர மீனவர்கள் நிபோங் கழிகளை வரிசையாக நட்டுக் ‘கெலோங்’ அமைப்பதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நீர் உள்ளே வரும், வெளியே போகும். அமைப்பு மட்டும் நிற்கும். பாக்டீரியாவின் சுவர் ஏறத்தாழ அப்படிப்பட்டது. சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட இழைகளாக ஓடுகின்றன. சிறு அமினோ அமிலத் தொடர்கள் அவற்றைக் குறுக்கே பிணைக்கின்றன. இப்பொருளின் பெயர் பெப்டிடோகிளைக்கான். உணவுப்பொருள் அதன் கண்கள் வழியே நுழையும். உள்ளழுத்தத்தால் உயிரணு வெடித்துவிடாமல் காப்பதே அதன் வேலை. சில பாக்டீரியாக்களில் அது பல அடுக்காகத் ‘திபாலாக’ இருக்கும். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவிலோ பெரும்பாலும் ஓரடுக்குத்தான். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமுறை இந்த வேறுபாட்டையே நிறத்தால் காட்டுகிறது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். என் பழைய தொழில் என்னை விடாது. இலத்தீன் மொழியில் வீட்டுச் சுவர் ‘பரியெஸ்’, நகரைச் சூழ்ந்த மதில் ‘மூருஸ்’. 1964இல் வைடல், பெல்ட்சர் என்னும் இருவர் இப்பொருளுக்கு ‘மியூரின்’ என்று பெயரிட்டபோது மதிலையே நினைத்தார்கள். ஆயினும் அதே கட்டுரையில், அது உயிரணுவைச் சூழ்ந்த ஒரே பெரிய மூலக்கூறாகிய சிறு பை என்றும் எழுதினார்கள். மலாய்மொழியிலும் ‘டிண்டிங்’ வேறு, ‘தெம்போக்’ வேறு. இடைநிலைப்பள்ளியில் நம் பிள்ளைகள் படிப்பது ‘டிண்டிங் செல்’. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘செல்சுவர்’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘கலச்சுவர்’ என்கிறது. முற்பகுதியில் நாம் ஒன்றுபடவில்லை. பிற்பகுதியில் மூவரும் ‘சுவர்’ என்றே சொல்கிறோம். அந்தச் சுவர்தான் சிறுமியின் மனத்தில் செங்கல்லாக எழுந்து நின்றது.

ஈ. கோலை நல்ல ஊட்டம் கிடைத்தால் ஏறத்தாழ 20 நிமிடத்தில் இரண்டாகும். அதற்குள் அந்தப் பை நீள வேண்டும். பிணைப்புகளை அறுக்காமல் புது இழையை எங்கே செருகுவது? அறுக்கும் நொதிகள் பல இருப்பது முன்பே தெரியும். ஆனால் வளர்ச்சிக்கு எது இன்றியமையாதது என்பதைக் காட்டுவது கடினமாக இருந்தது. காரணம், ஒன்றை நீக்கினால் மற்றொன்று அதன் வேலையைச் செய்துவிடும். பாக்டீரியா எதுவும் நடவாததுபோல் வளரும். ஒரு தப்படிப்பவர் வராவிட்டாலும் மேளக்குழு நிற்பதில்லை அல்லவா? ஐதராபாத் குழுவினர் மரபணுக்களைத் தனித்தனியாகவும் சேர்த்துச் சேர்த்தும் நீக்கிப் பார்த்தார்கள். மூன்று நொதிகளையும் ஒருங்கே இழந்த உயிரணு, புதுப்பொருளைச் சுவரில் சேர்க்க இயலாமல் உடைந்துபோயிற்று. வளர்வதற்கு முதலில் அறுக்க வேண்டும் என்பது அங்கே உறுதியாயிற்று. 2012இல் வெளிவந்த அக்கட்டுரையில் நால்வர் பெயர்கள் உள்ளன. பரிசு ஒருவருக்குப் போகிறது. கட்டுரையின் ஆசிரியர் வரிசையைப் படித்தால்தான் உழைத்தவர்கள் யார் யார் என்பது தெரியும். மாணவர்கள் அதைப் படிக்கப் பழக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஈ. கோலையில் பணி தெரியாத மரபணுக்களுக்கு ‘ஒய்’ என்னும் எழுத்தில் தொடங்கும் தற்காலிகப் பெயரிடுவது வழக்கம். இம்மூன்றில் இரண்டு அப்படித்தான் கிடந்தன: ‘ஒய்இபிஏ’, ‘ஒய்டிஎச்ஓ’. பணி தெரிந்தபின், மியூரினை இடையே அறுக்கும் நொதி என்ற பொருளில் ‘மெப்’ என்று தொடங்கும் பெயர்களைப் பெற்றன. இடுகுறிப்பெயர் காரணப்பெயர் ஆயிற்று! நன்னூல் வகுப்பில் மரம், பறவை என்று பழைய எடுத்துக்காட்டுகளையே சொல்லும் ஆசிரியர்கள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதனால் நமக்கு என்ன? பெனிசிலின் செய்வது, குறுக்குப் பிணைப்புகள் மீண்டும் உருவாகாமல் தடுப்பதே. அறுப்பு ஒருபுறம் நடக்க, பிணைப்பு மறுபுறம் நின்றுபோக, பை கிழிகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்கு இச்சுவர் இல்லை; ஆகவே அம்மருந்து கிருமியைத் தாக்குகிறது, நம்மை விட்டுவிடுகிறது. இன்று பல கிருமிகள் இத்தகைய மருந்துகளை எதிர்க்கக் கற்றுவிட்டன. அறுக்கும் நொதியைத் தடுப்பது புதியதொரு வழியாகலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். மருந்துச்சீட்டு இல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி கேட்டு வாங்கும் பெற்றோரிடம் இதனைத் தமிழில் விளக்கச் சொற்கள் வேண்டும். ஆறாம் ஆண்டோடு தமிழில் அறிவியல் நின்றுவிடும் பிள்ளை, வீட்டில் பாட்டிக்கு எந்தச் சொல்லால் விளக்கும்? எனக்குக் கவலை அங்கேதான்.

ஆசிரியைக்கு நான் சொன்ன விடை இதுதான். ‘சுவர்’ என்பதை மாற்ற வேண்டாம். மூன்று நாட்டார்க்கும் பொதுவாக வாய்த்த சொல் அது. ஆனால் முதன்முறை சொல்லும்போது ‘வலைபோன்ற சுவர்’ என்று சொல்லுங்கள். கரும்பலகையில் வலை ஒன்று வரைந்து, ஒரு கண்ணை அறுத்து, புது நூல் சேர்த்துக் காட்டுங்கள்.

அவர் அவ்வாறே செய்துவிட்டு மறுவாரம் மீண்டும் அழைத்தார். அச்சிறுமி அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாளாம்: “கத்தரி நிறுத்தாம வெட்டிக்கிட்டே இருந்தா?” அதற்கும் ஐதராபாத் குழுவினர் 2015இல் விடை கண்டிருந்தார்கள். அறுக்கும் நொதிகளுள் ஒன்றை, வேறொரு புரதத்தின் துணையோடு பிடித்துச் சிதைக்கும் இன்னொரு நொதி உயிரணுவிலேயே இருக்கிறது. கத்தரியை வெட்ட ஒரு கத்தரி. ஆசிரியை சிரித்துக்கொண்டே, “சரிங்க ஐயா, ஆனா இதுக்கும் அவ அடுத்ததைக் கேப்பாளே?” என்றார்.