தொட்டி வாசலில் நின்ற ஆடு

விடியற்காலை இருளில், ஆடறுக்கும் தொட்டி ஒன்றின் வாசலிலே, கழுவிவிட்ட தரையில் தேங்கிய நீர் விளக்கொளியில் பளபளக்க, அதைக் கண்டு முன்னங்கால்களை ஊன்றி நின்றுவிட்ட ஒரு வெள்ளாட்டை, முரண்டு பிடிப்பதாக எண்ணி ஒருவர் காதைப் பற்றி இழுத்துச் சென்ற காட்சி இன்னமும் என் மனத்தை வருத்துகிறது. அது பயத்தால் நின்றது.

கால்நடைகள் செல்லும் ஒடுங்கிய பாதையிலே தாமே புகுந்து, அவற்றின் கண் மட்டத்திலிருந்து நோக்கிய அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் அம்மையார், தொங்கும் சங்கிலி, வேலியில் மாட்டிய சட்டை, தரையில் விழும் நிழல் முதலிய அற்ப வஸ்துக்களே அவற்றைத் திகிலுறச் செய்கின்றன என்று கண்டார். சங்கிலியை அகற்றிவிட்டால் தடியை ஓங்க வேண்டியதில்லை. அரண்டு களைத்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சத்து வற்றிவிடுவதால், இறைச்சியும் கருத்து விரைவில் கெடுகிறது.

நம் தேசத்தின் 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள், வைத்தியப் பரிசோதனைக்குப் பின் 24 மணி நேர ஓய்வு வேண்டுமென்றும், ஒரு பிராணியின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கலாகாதென்றும் பணிக்கின்றன. ஆயினும், நாளொன்றுக்குப் பத்துக்கும் குறைவாக அறுக்குமிடங்கள் அவ்விதிகளின் வரையறைக்குள் வருவதில்லை. அங்கேயும் குறுக்கே ஒரு சாக்குத் திரை கட்டலாம். வழுக்கும் தரையில் மணல் தூவலாம். காத்திருக்கும் ஆட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர் வைக்கலாம்.