எந்த மரக்காலால் அளக்கிறார்கள்?

(தொழிலாளர் படிப்பு வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் ஆலைக்கும் வயலுக்கும் வெகு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒருவர் எவ்வளவு வேலை செய்தார், அது நல்ல வேலைதானா என்று எப்படி அளப்பது? அவர் வெளியிட்ட கட்டுரைகளை எப்படி எண்ணுவது? ஒருவரை மற்றொருவரோடு எப்படி ஒப்பிடுவது?

இதில் நமக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். முதலாவதாக, ஆராய்ச்சிக்குப் போகிற பணத்தில் பெரும்பகுதி மக்களின் வரிப் பணம். இரண்டாவதாக, நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கல்லூரி தாண்டி ஆராய்ச்சிப் படிப்புக்கும் போகிறார்கள். அவர்களுக்கு வேலை கிடைப்பதும் உயர்வு கிடைப்பதும் இந்தக் கணக்கைப் பொறுத்திருக்கிறது. மூன்றாவதாக, உழைப்பை அளக்கிறேன் என்று ஒருவன் கோலை எடுத்து வந்தால் அந்தக் கோலில் என்ன சூது இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் நம்மைவிடப் பழக்கமுள்ளவர் யார்?

முதலில் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆராய்ச்சி செய்கிறவர் தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதி ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியிடுகிறார். பின்னால் வருகிறவர் அதைப் பயன்படுத்தினால், "இன்னாருடைய கட்டுரையிலிருந்து எடுத்தேன்" என்று சுட்டிக் காட்ட வேண்டும். இதற்கு மேற்கோள் என்று பெயர். அமெரிக்காவில் யூஜின் கார்பீல்டு என்பவர், இந்த மேற்கோள்களையெல்லாம் திரட்டி அட்டவணை போட்டால் எந்தக் கருத்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடிப் பிடிக்கலாம் என்று 1955-ல் எழுதினார். 1960-களில் அந்த அட்டவணை வெளிவரத் தொடங்கியது. சோவியத் நாட்டில் நலீமோவும் முல்சென்கோவும் 1969-ல் இத்துறைக்கு ஒரு புத்தகமே எழுதி, 'நௌகோமெத்ரியா' என்று பெயர் வைத்தார்கள். நம் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக் கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலக வேலைகளைக் கணக்கு முறையில் ஆராய ஒரு துறை வேண்டுமென்று 1948-லேயே இங்கிலாந்தில் ஒரு மாநாட்டில் யோசனை சொன்னவர். ஆக, எண்ணிப் பார்ப்பது குற்றமில்லை. நூலகத்தில் தேடுவதற்காகச் செய்த அட்டவணை, வேலைக்கு எடுப்பதற்கும் நீக்குவதற்கும் தராசாக மாறியபோதுதான் வினை வந்தது.

'தாக்கக் காரணி' என்று ஒரு எண் இருக்கிறது. இது சஞ்சிகைக்கு உரிய எண். ஒரு சஞ்சிகை முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் எத்தனை மேற்கோள் வந்தது என்று கூட்டி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. எந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர் தீர்மானிக்க இது உதவும். ஆனால் இந்த எண்ணைத் தூக்கி, அந்தச் சஞ்சிகையில் எழுதிய ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒட்டுகிறார்கள். ஆலையின் பெயரைப் பார்த்து, அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரின் கைத்திறனும் இவ்வளவு என்று சொல்வது போல!

இதில் எவ்வளவு மோசம் இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். படிக விஞ்ஞானத்துக்கு 'ஆக்டா கிரிஸ்டலோகிராபிகா ஏ' என்று ஒரு சஞ்சிகை. 2008-ல் அதன் தாக்கக் காரணி 2.051. அடுத்த ஆண்டுக் கணக்கில் அது 49.926 ஆக உயர்ந்து விட்டது. உலகத்தின் பெரிய சஞ்சிகைகள் பலவற்றைத் தாண்டி விட்டது. என்ன நடந்தது? ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்பவர் 2008-ல் அதில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் செய்த கணிப்பொறி நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் அதைச் சுட்டிக் காட்டினார்கள். அந்த ஒரே கட்டுரைக்கு 6,600-க்கு மேல் மேற்கோள். பக்கத்துக் கட்டுரைகளுக்கோ சொற்பம்தான். ஆனால் சராசரி என்று போட்டால் எல்லோரும் ஐம்பது! மிராசுதாரின் வருமானத்தையும் பண்ணையாளின் கூலியையும் கூட்டி வகுத்து, இந்தக் கிராமத்தில் சராசரி வருமானம் அமோகம் என்று சொல்கிற கணக்கை நாம் கேட்டதில்லையா? அதே கணக்குதான் இது. தனி மனிதரை எடை போட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று கார்பீல்டே பலமுறை எச்சரித்திருக்கிறார்.

சரி, சஞ்சிகையை விட்டு ஆளையே நேரே அளப்போம் என்று 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி ஒரு எண்ணைக் கொண்டு வந்தார். அதுதான் 'எச் குறியெண்'. ஒருவருடைய கட்டுரைகளில் ஐந்து கட்டுரைகளுக்காவது ஐந்தைந்து மேற்கோளாவது இருந்தால் அவர் எண் ஐந்து. பத்துக்குப் பத்து இருந்தால் பத்து. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஐந்து கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்தே மேற்கோள் பெற்றால் அவர் எண் ஐந்து. இன்னொருவர் இரண்டே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்நூறு மேற்கோள் பெற்றால் அவர் எண் இரண்டு! மேலும் இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. முப்பது வருஷம் வேலை செய்தவரையும் ஐந்து வருஷம் வேலை செய்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் யார் முன்னால் நிற்பார்? பிரசவத்துக்காகவும் குழந்தைக்காகவும் இரண்டு வருஷம் விட்டு வந்த பெண்ணுக்கு என்ன நியாயம்?

இப்போது ஆலைத் தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம். ரிங் பிரேமில் ஒருவர் 20-ம் நம்பர் நூல் ஓட்டுகிறார், இன்னொருவர் 60-ம் நம்பர் ஓட்டுகிறார். ஷிப்டு முடிவில் இருவர் நூலையும் எடை போட்டால் யார் அதிகம் செய்தவர்? 840 கெஜச் சிட்டம் இருபது சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பது 20-ம் நம்பர். அறுபது சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு என்பது 60-ம் நம்பர். சன்ன நூலுக்கு முறுக்கும் அதிகம் வேண்டும், பிரேம் மெதுவாகத்தான் நூலைக் கொடுக்கும். எடையை மட்டும் பார்த்துக் கூலி போட்டால் சன்ன நூல் ஓட்டுகிறவர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். அந்தந்த நம்பருக்கு என்ன உற்பத்தி நியாயம் என்று பார்த்து, அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று நாம் வாதாடுகிறோம்.

ஆராய்ச்சியிலும் இதே நம்பர் வித்தியாசம் உண்டு. மருத்துவம், உயிரணு ஆராய்ச்சி முதலியவற்றில் ஆட்கள் ஏராளம், கட்டுரைகள் ஏராளம், மேற்கோளும் மளமளவென்று வரும். கணிதத்தில் ஆட்கள் குறைவு. ஒருவர் சொன்னதைச் சரிபார்க்கவே மற்றவருக்கு நாளாகும். உதாரணத்துக்காக ஒரு கணக்குச் சொல்கிறோம். ஒரு ஆண்டில் வந்த கணிதக் கட்டுரைக்குச் சராசரி மூன்று மேற்கோள், உயிரியல் கட்டுரைக்குச் சராசரி இருபது என்று வைத்துக் கொள்ளுங்கள். கணிதக்காரருக்கு ஆறு வந்தது, உயிரியல்காரருக்கு இருபது வந்தது. மேம்போக்காகப் பார்த்தால் உயிரியல்காரர் மூன்று மடங்குக்கு மேல் பெரியவர். அவரவர் துறைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள்: கணிதக்காரருக்கு இரண்டு, உயிரியல்காரருக்கு ஒன்று. துறையையும் ஆண்டையும் சேர்த்து இப்படி வகுப்பதைத்தான் இன்று இத்துறை அறிந்தவர்கள் குறைந்தபட்ச நியாயம் என்கிறார்கள். சராசரியையும் ஒன்றிரண்டு ராட்சசக் கட்டுரைகள் கெடுத்து விடுமாகையால், தன் துறையில் நூற்றில் எத்தனையாவது இடத்தில் கட்டுரை நிற்கிறது என்று பார்ப்பது இன்னும் நல்லது.

காலம் என்று ஒன்றும் இருக்கிறது. குறுவை மூன்றரை மாதத்தில் வீடு வந்து சேரும். தென்னை வைத்தவன் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பட்டாணிச் செடியை வைத்துப் பரம்பரைக் குணங்களின் விதியைக் கண்ட மெண்டல் 1866-ல் கட்டுரை வெளியிட்டார். உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது 1900-ல். இரண்டு வருஷக் கணக்குப் போடுகிறவர்கள் அவருக்கு என்ன மதிப்பெண் போட்டிருப்பார்கள்? 2013-ல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் ஹிக்ஸ், இன்றைய முறையில் எனக்கு வேலையே கிடைத்திராது என்று சொன்னவர். 1964-ல் செய்த பெரிய காரியத்துக்குப் பிறகு அவர் எழுதியது பத்துக் கட்டுரைக்கும் குறைவு.

வயல் தோழர்களுக்கு ஒரு கேள்வி. இருபது பெண்கள் சேர்ந்து ஒரு மா நிலத்தில் நடவு செய்கிறார்கள். மொத்தம் எவ்வளவு நடவு? ஒரு மாதான். ஒவ்வொருவரும் 'நான் ஒரு மா நட்டேன்' என்று எழுதிக் கொண்டால் இருபது மா ஆகிவிடும்! கட்டுரைக் கணக்கில் இதுதான் நடக்கிறது. 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் 5,154 பேர். முப்பத்து மூன்று பக்கத்தில் இருபத்து நான்கு பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். பெரிய யந்திரத்தில் அத்தனை பேரும் உழைத்தது உண்மை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை 5,154 கட்டுரையாக எண்ணலாமா? ஒரு கட்டுரையைப் பங்கு போட்டு எண்ணுவதே முறை. நம் நாட்டில் பல்கலைக் கழக மானியக் குழு 2018-ல் வகுத்த விதியில், இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு நூற்றுக்கு எழுபது புள்ளி என்று வைத்தார்கள். ஒரு மா நிலம் காகிதத்தில் 1.4 மா ஆகி விட்டது! நாற்றைத் தொடாத மேஸ்திரி வரப்பில் நின்று கொண்டே பெயரை முதலில் போட்டுக் கொள்வதும் இந்த உலகத்தில் உண்டு. அந்தக் கதையை ஆராய்ச்சி மாணவர்களைத் தனியே கேட்டால் சொல்வார்கள்.

இந்தியாவில் 2010 முதல் ஆசிரியர் உயர்வுக்குப் புள்ளி முறை வந்தது. இத்தனை கட்டுரை, இத்தனை புள்ளி. விளைவு என்ன? காசு வாங்கிக் கொண்டு எதையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகள் காளான்போல் முளைத்தன. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 சஞ்சிகைகளை நீக்க வேண்டி வந்தது. அதில் கட்டுரை போடக் கடன் வாங்கிய இளைஞர்களின் பணத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

போலிகள் ஒரு பக்கம். 'கௌரவமான' கம்பெனிகள் மறுபக்கம். கட்டுரை எழுதுகிறவருக்குச் சஞ்சிகை கூலி கொடுப்பதில்லை. அதைப் படித்துக் குறை நிறை சொல்கிற மற்ற விஞ்ஞானிகளுக்கும் பொதுவாகக் கூலி இல்லை. ஆனால் அச்சானதும் கம்பெனி அதே விஞ்ஞானிகளின் நூலகத்துக்கே விற்கிறது. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டுமானால் எழுதியவர் பணம் கட்ட வேண்டும். 'நேச்சர்' சஞ்சிகை 2021-ல் இதற்கு வைத்த விலை 9,500 யூரோ. முப்பது வெளியீட்டாளர்களின் சஞ்சிகைகளை நாடெங்கும் படிக்க 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் என்று மத்திய சர்க்கார் 2024-ல் ஒப்புதல் கொடுத்தது. உயர்வு வேண்டுமானால் அந்தச் சஞ்சிகையில்தான் எழுத வேண்டும் என்று விதி இருக்கிற வரையில் விலையைக் கேட்பார் யார்?

இன்னொன்று. இந்த உலக அட்டவணைகளில் பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளே ஏறுகின்றன. காவிரிப் படுகையில் நெற்பயிரைத் தாக்கும் பூச்சியைப் பற்றி ஒருவர் தமிழில் எழுதி, அதைப் படித்து விவசாயி பயிரைக் காப்பாற்றினால், அதற்கு மேற்கோள் எண்ணிக்கை சைபர்.

உலகத்தில் இதை எதிர்த்துக் குரல் எழும்பியிருக்கிறது. 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள், சஞ்சிகையின் எண்ணை வைத்து ஆளை எடை போடாதே என்று பிரகடனம் தயாரித்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். 2015-ல் வந்த லைடன் அறிக்கை பத்து விதிகளைச் சொன்னது: எண் துணைக்கு நிற்கட்டும், துறை அறிந்தவர்கள் கட்டுரையைப் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும், உள்ளூருக்குப் பயன்படும் ஆராய்ச்சியைக் காப்பாற்று, துறைக்குத் துறை உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் எடு என்றெல்லாம். 2020-ல் சீன சர்க்கார் கட்டுரைக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக் கழகம் வேலைக்கு எடுப்பதிலும் உயர்வு தருவதிலும் தாக்கக் காரணியைக் கைவிடுவதாக 2021-ல் அறிவித்தது.

'படித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றால் வேண்டியவன், வேண்டாதவன், ஜாதிக்காரன் என்று பார்க்க மாட்டார்களா? எண்ணாவது பொதுவாயிற்றே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண் முழுக்கப் போனால் பெரிய மனிதரின் சிபாரிசுதான் ராஜ்யம் செய்யும். ஆகவே எண்ணும் இருக்கட்டும், சரியாக வகுத்த எண்ணாக. படிப்பவர்களும் இருக்கட்டும், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்களாக. லைடன் விதிகளில் இன்னொன்றும் உண்டு: எடை போடப்படுகிறவர் தம் கணக்கைத் தாமே பார்த்துச் சரிபார்க்க உரிமை வேண்டும். ரிங் பிரேமில் சிட்டக் கணக்குக் காட்டும் மீட்டரை ஷிப்டு முடிவில் மேஸ்திரி மட்டும் பார்த்துக் குறித்துக் கொண்டு போக நாம் விடுவதில்லை. ஓட்டியவரும் பக்கத்தில் நின்று பார்க்கிறார். ஆராய்ச்சி மாணவர்களின் சங்கங்கள் கேட்க வேண்டியதும் அதைத்தான்: அந்த மீட்டரை எங்களுக்கும் காட்டு.