ஏப்ரல் 12-ல் என்ன நடந்தது?

ஏப்ரல் 12 என்றால் நமக்குச் சித்திரை பிறக்க இன்னும் இரண்டு நாள். ஆனால் உலக வரலாற்றில் அந்தத் தேதியில் ஏகப்பட்ட நெரிசல்!

1961-ல் அன்றுதான் யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் 108 நிமிடத்தில் திரும்பினார். சரியாக 20 ஆண்டு கழித்து, அதே தேதியில் கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாகக் கிளம்பியது. நாள் பார்த்துச் செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே கிளம்பியிருக்க வேண்டியது, கணினிக் கோளாறால் தள்ளிப்போனது.

ராக்கெட் கதை போதும். நான் செவிலியராக இருந்தவள். என் மனம் போவது வேறு பக்கம். 1945 ஏப்ரல் 12-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் காலமானார். 39 வயதில் இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, வந்து நடக்க முடியாமல் போனவர். 1938-ல் அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு, மக்கள் பத்து சென்ட் காசுகளை வெள்ளை மாளிகைக்கே தபாலில் அனுப்பினார்கள். அந்த அறக்கட்டளையின் பணத்தில்தான் ஜோனாஸ் சால்க் போலியோ தடுப்பூசியை உருவாக்கினார். 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற சோதனை நடந்தது. ஊசி பலன் தருகிறது என்ற முடிவு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெளியான நாள், 1955 ஏப்ரல் 12! ஊர் ஊராகத் தேவாலய மணி அடித்தார்களாம்.

பேருந்து நிலைய முகாம்களில் நாங்கள் கொடுத்தது சால்க்கின் ஊசி அல்ல, பின்னால் ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய சொட்டு மருந்து. "ஏம்மா, போன மாசந்தானே போட்டோம், மறுபடியுமா?" என்று ஒரு பாட்டி பேரனை இழுத்துக்கொண்டு நகரப் பார்த்தார். மருந்துக் குப்பியைக் காட்டினேன். அதன் மேல் ஒரு வட்டம், நடுவே வெளிறிய சதுரம். சூடு பட்டு மருந்து கெட்டால் சதுரம் கறுத்துவிடும். "இது வெள்ளையா இருக்கு பாருங்க பாட்டி, மருந்து நல்லா இருக்கு. எத்தனை தடவை கொடுத்தாலும் கெடுதல் இல்லை. விட்டாத்தான் ஆபத்து." பாட்டி குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரே பேரன் வாயைத் திறந்து பிடித்தார். இடது சுண்டுவிரலில் மை வைத்து அனுப்பினேன்.

2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. நேரமாகிவிட்டது நேயர்களே. விண்வெளியோ தடுப்பூசியோ, தேதி எப்படிப் பொருந்தினாலும், உழைப்பு தற்செயல் அல்ல. சால்க் வழிவந்த ஊசியும் இன்று நம் அட்டவணையில் உண்டு. உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.