பொரித்த கோழியில் இருப்பது என்ன?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு உணவு ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவன் நான். "ஏதாவது பிள்ளைகளுக்கு உபயோகப்படற மாதிரி பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். தலைப்பைக் கொடுத்தது அவரல்ல, ஒரு மாணவர். நேற்று மாலை விடுதிப் பக்கம் போனபோது ஜிம்முக்குப் போய்விட்டு வந்த தம்பி ஒருவர், கேட்டுக்கு வெளியே உள்ள தள்ளுவண்டியில் வாங்கிய சிக்கன் பொட்டலத்தோடு நின்றார். "புரோட்டீனுக்காக சார். வாரத்துல அஞ்சு நாள் இதான். நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் இந்த மேடை எதற்கு?

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 54 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. பொரித்த கோழி 100 கிராமில் 20 முதல் 33 கிராம் வரை புரதம் கிடைக்கிறது. எண்ணெயில் போட்டால் புரதம் செத்துவிடும் என்று சொல்வது சரியல்ல. சூட்டில் அது உருமாறும், செரிப்பதற்கும் எளிதாகும். நயாசின் என்கிற பி வைட்டமினும் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஆகவே தம்பி ஏமாறவில்லை. ஆனால் புரதத்தோடு கூட வருகிற மற்ற சரக்கையும் அவர் பார்க்க வேண்டும்.

நம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணை பெரும்பாலும் சமைக்காத பொருள்களைப் பற்றியது. அதனால் சமைத்த கோழிக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் 100 கிராமுக்கு. தோல் நீக்கி, எண்ணெயின்றிச் சுட்ட நெஞ்சுக்கறியில் 165 கலோரி, 31 கிராம் புரதம், மூன்றரை கிராம் கொழுப்பு. அதே நெஞ்சுக்கறியைப் பொரித்து, கறியை மட்டும் எடுத்து நிறுத்தால் 187 கலோரி, கொழுப்பு ஐந்து கிராமுக்கும் குறைவு. பார்த்தீர்களா, பெரிய வித்தியாசம் இல்லை! அதையே தோலோடு, மாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தால் 260 கலோரி, புரதம் 25 ஆக இறங்குகிறது, கொழுப்பு 13 ஆக ஏறுகிறது. இறக்கைத் துண்டு என்றால் 324 கலோரி, புரதம் 20, கொழுப்பு 22. அதாவது இறக்கையில் ஐந்தில் மூன்று பங்கு கலோரி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. ஆக, எண்ணெய் கறிக்குள் அவ்வளவாகப் போவதில்லை. மேல் உறையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் அப்படி? சட்டியில் நடப்பது ஒரு பண்டமாற்று. பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். 170, 180 டிகிரி எண்ணெயில் விழுந்ததும் அது ஆவியாகிப் பீறிட்டு வெளியே வருகிறது. நாம் கேட்கிற 'சொய்ங்' சத்தம் அதுதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே நுழைய வழியில்லை. துண்டை வெளியே எடுத்து அது ஆற ஆரம்பிக்கும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சுகிறது. உறையில் ஏறும் எண்ணெயில் பெரும்பகுதி இப்படி அடுப்பை விட்டு எடுத்த பிறகு ஏறுவதுதான். ஆகவே சல்லிக் கரண்டியில் எடுத்தவுடனே, சூடு ஆறுமுன், நன்றாக உதறி வடிகட்டுங்கள். வீட்டில் சமைக்கிற சகோதர சகோதரிகளுக்கு இந்த ஒரு தகவலே போதும்.

நம் ஊர் சிக்கன் 65-க்கு வருவோம். சென்னை மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் 1965-இல் பிறந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். 65 மிளகாய், 65 நாள் கோழி என்றெல்லாம் சொல்வது கேட்கச் சுவையான கதை. இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு, ஒரு நஷ்டமும் உண்டு. நம் ஊர் கறிக்கடையில் பலரும் தோல் உரித்துத்தான் வாங்குகிறோம். பச்சைத் தோலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அது போனது லாபம். ஆனால் துண்டு சிறிசு. சிறிசாக நறுக்க நறுக்க மேற்பரப்பு கூடும், மாவு அதிகம் பிடிக்கும், அதோடு எண்ணெயும். உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நாக்கே சொல்லும். சிவப்புச் சாயத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். பக்கத்துக் கர்நாடகத்தில் சிக்கன் கபாபுக்குச் செயற்கை நிறம் சேர்ப்பதை 2024 ஜூனில் தடை செய்தார்கள். காஷ்மீரி மிளகாய் இருக்கும்போது டப்பா கலர் எதற்கு?

இனி எண்ணெய்க்கு வருகிறேன். கோழியின் சொந்தக் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 30 சதவீதம். பாமாயிலில் அது ஏறக்குறைய 50 சதவீதம். கோழிக் கொழுப்புக்குப் பயந்து தோலை உரித்துவிட்டு, அதைவிடக் கெட்டியான கொழுப்பில் பொரிக்கிறோம்! பாமாயிலை நான் திட்டவில்லை. ஏழை வீட்டுச் சமையலறை அதில்தான் ஓடுகிறது. சூட்டைத் தாங்குவதிலும் அது கெட்டிக்காரன்.

ஆனால் எந்த எண்ணெயும் திரும்பத் திரும்பக் காய்ந்தால் கெடும். கறியிலிருந்து வரும் தண்ணீர் அதை உடைக்கும், காற்று ஆக்சிஜனேற்றம் செய்யும், உடைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுப்பாகும். நுரைக்கும், கறுக்கும், சீக்கிரமே புகையும். இந்தச் சிதைவுப் பொருள்களை எங்கள் துறையில் போலார் சேர்மங்கள் என்போம். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் சட்டம்.

நண்பர்களுக்கு 1995 நினைவிருக்கும். பெங்களூரில் கென்டக்கி சிக்கன் கடை திறந்து, போராட்டம், மாநகராட்சி மூடியது, நீதிமன்றம் திறக்கச் சொன்னது என்று அமர்க்களப்பட்டது. சண்டையெல்லாம் அஜினமோட்டோவின் அளவைப் பற்றி. பொரித்த கோழியைப் பற்றி இந்த நாட்டில் நடந்த பெரிய விவாதத்தில் எண்ணெய் ஓரமாகவே நின்றது. இன்றும் அப்படித்தான் நிற்கிறது.

நம் வீட்டு விஷயத்துக்கே வருகிறேன். தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். நேற்று விடுதிச் சமையலறையில் "மிச்ச எண்ணெயை என்ன செய்றீங்க?" என்று கேட்டேன். "டின்ல ஊத்தி வெலைக்குக் குடுத்துடுவோம் சார்" என்றார்கள். வாங்குகிறவர் யார்? கேட்டுக்கு வெளியே சட்டி வைத்திருப்பவர்தான்! நாம் 'போதும்' என்று விட்ட எண்ணெய் அவர் சட்டியில் மறுபடி காய்ந்து, ஒரு பொட்டலம் கோழியாக நம் பிள்ளைகளிடமே திரும்பி வருகிறது. அந்தத் தள்ளுவண்டிக்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையன் கையில் இருக்கிற காசுக்கு ஒரு பிளேட் கொடுக்க வேண்டும், அவர் குடும்பமும் நடக்க வேண்டும். விற்கிறவர்கள் நாம்தான்.

பழைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கள் காசு கொடுத்தே எடுத்துப் போகிறார்கள். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிறவர்கள் கணக்கு எழுத வேண்டும் என்பது விதி. நம் விடுதி அந்த அளவை எட்டாது. இருந்தாலும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, புது எண்ணெய் எவ்வளவு, மிச்சம் எங்கே போனது என்று எழுத யாரும் தடை சொல்லப்போவதில்லை. போலார் அளவைக் காட்டும் கருவி ஒன்று உண்டு, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போல. சூடான எண்ணெயில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் எண் தெரியும். அதன் விலையை எங்கள் செட்டு நண்பர்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வேதியியல் துறை மாணவர்கள் வாரம் ஒரு நாள் அளந்து மெஸ் பலகையில் எழுதட்டும், செய்முறை வகுப்பாகவும் இருக்கும். தள்ளுவண்டிக்காரர் சம்மதித்தால் அவர் சட்டியையும் அளக்கலாம்.

பழைய எண்ணெயை இனி வெளியே விற்பதில்லை என்ற தீர்மானத்தை மாலைப் பொதுக்குழுவில் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.