வெம்மையும் நீர்க்கூழும்



நீரைத் தேக்கிவைத்தலும், வேண்டும்பொழுது துருசைத் திறந்து விடுதலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே குளம் என்பதைக் கந்தளாய்க் குளக்கட்டின்மேல் ஒரு முறை நின்று பார்த்தவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இச்சபை இன்று ஆராயவிருக்கும் ஐதரோஜெல் என்னும் நீர்க்கூழும் அத்தகைய ஒரு சிறு குளமே. அதன் துருசைத் திறப்பது மனிதக் கையன்று, உஷ்ணம்.

இக்கூழை ஆக்கும் பொலி ஐசோபுரொப்பைல் அக்ரிலமைட் என்னும் பல்பகுதியத்தின் சங்கிலிகள் குளிர்ந்த நீரில் விரிந்து, நீர் மூலக்கூறுகளோடு ஐதரசன் பிணைப்புக் கொண்டிருக்கும். ஏறக்குறைய 32 பாகை செல்சியஸைக் கடந்தவுடன், நீரை வெறுக்கும் கூட்டங்களைச் சுற்றி ஒழுங்காகக் கட்டுண்டிருந்த நீர் விடுதலை பெற்று விலக, சங்கிலிகள் ஒன்றையொன்று நாடிச் சுருண்டுவிடுகின்றன. பளிங்குபோல் தெளிந்திருந்த கூழ் பால்போல் வெளுத்து, நீரைக் கக்கி ஒடுங்குகிறது. குளிரவிட்டால் மீண்டும் நீரை உண்டு பூர்வ ஸ்திதியை அடைகிறது. வெப்பத்தால் பொருள்கள் விரியும் என்று இளமையில் கற்ற நமக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். சங்கிலி இழக்கும் சுதந்திரத்தினும் நீர் பெறும் சுதந்திரம் பெரிது என்பதே இதன் இரகசியம். திடீரெனச் சூடாக்கினாலோ, புறத்தோல் முதலில் இறுகி, உள்ளே நீரைச் சிறைப்படுத்திவிடுவதும் உண்டு.

ஆயினும் இக்கூழ் நெடுங்காலம் வலிமையற்றதாகவே இருந்தது. இரசாயனக் கொளுக்கிகளால் தாறுமாறாகப் பின்னிய வலையில் குட்டையான சங்கிலி முதலில் அறும். அதன் பாரம் அடுத்ததன்மேல் விழும். பின்னர் முழுவதும் பிளக்கும். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து ஊர்களை வெள்ளம் கொண்டதை அறிந்த உங்களுக்கு, ஓரிடத்துப் பலவீனம் யாது செய்யும் என்று நான் விளக்கவேண்டுமா? 2002 ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளாகிய ஹரகுச்சியும் தகெஹிசாவும் அக்கொளுக்கிகளை நீக்கி, சுமார் 30 நனோமீற்றர் அகலமும் 1 நனோமீற்றர் தடிப்பும் உடைய களிமண் தகடுகளையே முடிச்சுகளாக வைத்தனர். தகட்டுக்குத் தகடு நீண்டோடும் சங்கிலிகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால், அக்கூழ் தன் நீளத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு இழுபட்டும் அறவில்லை. ஆனால் களிமண் மிகுந்தால் தகடுகள் சங்கிலிகளைக் கட்டிப்பிடித்து, வெப்பத்திற்குச் சுருங்கும் குணத்தையே மழுக்கிவிடுகின்றன. வலிமை எவ்வளவு, உணர்ச்சி எவ்வளவு என்ற இந்தத் தராசே நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை என்பது என் துணிபு.

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எதில் இட்டாலும் இக்கூழ் வெளுத்துச் சுருங்கும். அது நிற்க, வைகாசி ஆனி மாதங்களில் இக்கந்தளாய்ப் பிரதேசத்து நண்பகல் 32 பாகையைத் தாண்டுகிறது, இரவு அதற்குக் கீழே இறங்குகிறது; குளிர்நாட்டு ஆய்வுகூடங்கள் அடுப்பேற்றிச் செய்யும் பரிசோதனையை இங்கே சூரியனே நாள்தோறும் செய்துவிடும். ஆனால் இப்பல்பகுதியம் எளிதில் மக்காதது. ஆதலின் நீரைத் தேக்கிவைக்கவென வயலில் இதைக் கொட்ட நான் சம்மதியேன். டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் செலுலோசை அடிப்படையாகக் கொண்டு பூசா ஹைட்ரஜெல்லை ஆக்கிய வழியே வயலுக்கு உகந்தது.

காங்கேசன்துறைச் சீமெந்துக்கு மண் கொடுத்த முருங்கனில் முன்சொன்ன தகடுகளின் இனத்தைச் சேர்ந்த களிமண் கிடக்கிறது. இளம் ஆராய்ச்சியாளர்களே, அதை எடுத்துச் சுத்திசெய்யுங்கள், கூழில் சேருங்கள், இக்கந்தளாய் வெயிலில் ஓராண்டு வைத்து அளந்து, அந்த அளவுகளோடு இச்சபைக்கு மீண்டும் வாருங்கள்.