சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் நோவு



மயக்க மருந்து வைத்தியர்களான எங்களிடம் தாய்மார் முதலில் கேட்பது, "பிள்ளை கண் முழிக்குமா?" என்பதே. முழித்த பின் வரும் நோவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

குடல்வளரியை அகற்றுவது பிள்ளைகளுக்கு அடிக்கடி செய்யப்படும் அவசர சத்திரசிகிச்சைகளுள் ஒன்று. வயிறு நொந்தால் பிள்ளை ஆழமாக மூச்செடுக்காது, இருமாது, எழுந்து நடக்காது. மோபின் நோவைக் குறைக்கும். ஆனால் ஓங்காளமும் தூக்கக் கலக்கமும் தரும், அளவு கூடினால் மூச்சையும் மந்தமாக்கும். ஆகவே அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் ஊசிகளையும் சேர்த்துக்கொள்கிறோம். மயக்கத்தில் இருக்கும்போதே போடுவதால் பிள்ளைக்குக் குத்துவது தெரியாது.

இவற்றுள் எளிதானது, சத்திரசிகிச்சை நிபுணர் காயத்தைச் சுற்றி மருந்தை ஏற்றுவது. முதுகின் அடியில் போடும் கோடல் ஊசி சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். ஆனால் சில மணி நேரம் கால்கள் சோரலாம், சிறுநீர் கழிப்பதும் பிந்தலாம். 2001இல் விவரிக்கப்பட்ட 'டாப்' முறையில், வயிற்றுச் சுவரின் தசைப் படைகளுக்கு நடுவே மருந்தை விடுகிறோம். இன்று ஸ்கான் திரையில் ஊசி முனையைப் பார்த்தபடியே அதைச் செய்கிறோம்.

புதியது எல்லாம் மேலானதா? வயிற்றைத் திறந்து குடல்வளரியை அகற்றிய பிள்ளைகளில் டாப் ஊசி மோபின் தேவையைக் குறைத்ததை 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சிறு துளைகள் வழியாகச் செய்த சத்திரசிகிச்சையிலோ, துளைகளைச் சுற்றி மருந்து ஏற்றியதைவிட டாப் ஊசியால் பெரிய நன்மை இல்லை என்றது 2011இல் வந்த இன்னோர் ஆய்வு. வெட்டு எப்படிப்பட்டதோ அதற்கேற்பவே ஊசியைத் தெரிய வேண்டும்.

எதைத் தெரிந்தாலும் மருந்தின் மொத்த அளவு பிள்ளையின் நிறைக்கு மிஞ்சக்கூடாது. 20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 0.25 வீத புபிவக்கேன் 20 மில்லிலீற்றருக்கு மேல் போடமாட்டோம். அளவு மிஞ்சினால் வலிப்பு வரலாம், இதயமும் பாதிக்கப்படலாம்.

இன்னொன்று. டாப் ஊசியும் காய ஊசியும் வயிற்றுச் சுவரின் நோவையே அடக்கும். உள்ளே புண்பட்ட குடலின் நோவை அடக்கா. சில மணி நேரத்தில் விறைப்பும் விட்டுப்போகும். அதற்கு முன்பே பரசிற்றமோல் போன்ற மருந்துகளை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். ஊசி போட்டாயிற்று என்று அதை நிறுத்துவது தவறு.

சத்தமில்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு நோவில்லை என்று எண்ணாதீர்கள். அசைந்தால் நோகும் என்ற பயத்திலேயே சில பிள்ளைகள் அப்படிக் கிடக்கும். இருமச் சொல்லுங்கள், எழுந்து இருக்கச் சொல்லுங்கள். அப்போது முகத்தைப் பாருங்கள்.

எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ சத்திரசிகிச்சைக்குக் கொண்டு செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நோவுக்கு எந்த ஊசி போடுகிறீர்கள்? அது எவ்வளவு நேரம் நிற்கும்? அது விட்ட பிறகு என்ன கொடுப்பீர்கள்? இப்படிக் கேட்பதை நாங்கள் குறையாக நினைப்பதில்லை. தெரியாததை எழுந்து நின்று கேட்க எங்களைப் பழக்கியதும் இந்தப் பள்ளிக்கூடம்தானே.