விஷம் எங்கே போயிற்று?
(அம்பத்தூரில் ஆற்றிய சொற்பொழிவு)



குழாயடியில் ஒரு வடிகட்டியை மாட்டிவிட்டால் தண்ணீரிலுள்ள விஷம் ஒழிந்தே போகிறதென்று நம்மில் அநேகர் நம்புகிறோம். கங்கையில் முழுகினால் பாவம் போகுமென்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? போனது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாமா?

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் பாஷாணத்தை, அதாவது ஆர்செனிக்கை, நீரிலிருந்து நீக்க இரும்பின் நானோ துகள்களைச் செய்திருக்கிறார்கள். மெச்சத்தக்க காரியந்தான். இத்தகைய தூள் ஒரு கிராமின் மேற்பரப்பை விரித்தால் ஒரு கிரவுண்டு மனையளவுகூட வரக்கூடும். விஷம் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறதே ஒழிய, அழிவதில்லை. முலாம் பட்டறையிலிருந்து வரும் குரோமியமும் இப்படியே ஒட்டக்கூடியது. 1964-இல் ஏற்பட்ட இந்தத் தொழிற்பேட்டையின் தோழர்களுக்கு அதைப்பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டியது விடவும் செய்யும். தண்ணீரில் காரம் ஏறினால் துகள் விஷத்தைத் தள்ளிவிடுகிறது. பாஸ்பேட் வந்தால், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் அது உட்கார்ந்துகொண்டு விஷத்தை எழுப்பிவிடுகிறது. காற்றுப் புகாத சேற்றிலோ கிருமிகள் இரும்பையே கரைத்துவிடுகின்றன. வங்காளத்துக் கிணறுகளில் பாஷாணம் வந்தது பெரும்பாலும் இவ்வழியில்தான்; எந்தத் தெய்வக் குற்றமும் அல்ல.

இப்படிப்பட்ட வடிகட்டி விற்க வந்த ஒருவரிடம், தீர்ந்துபோன தூளை யார் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று கேட்டோம்.

"குப்பையில் போடுங்கள் சார்" என்றார்.